வடக்கு கூரையில் இல்லை: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "வடக்கு எங்கே இருக்கு, கையைக் காட்டுங்க" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சுவரில் தமிழ்நாடு வரைபடம் தொங்குகிற வகுப்பாக இருந்தால் பல விரல்கள் கூரையைக் காட்டும். நான் இதை முதன்முதலில் பார்த்தபோது வேலையில் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடமும் "மேலே வடக்கு, கீழே தெற்கு" என்றுதான் சொல்லிக்கொடுத்து வந்தேன், பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சுவர் வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி பீரோவின் மேல் வைத்துவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தேன். காவிரிப் பாசனத்தில் இருக்கிற சின்னப் பள்ளி என்னுடையது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பல வருடமாகச் செய்து பார்த்து, சரிவராததை விட்டு, சரிவந்ததை வைத்துக்கொண்ட வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன், ஆனால் வீட்டில் பிள்ளை வைத்திருக்கிற அப்பா அம்மாவும் பாதிக்கு மேல் செய்யலாம். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

என் நம்பிக்கை ஒன்றுதான். பிள்ளை தானே ஒரு வரைபடம் போட்ட பிறகுதான் மற்றவர் போட்ட வரைபடத்தைப் படிக்க முடியும். அதனால் பாடப்புத்தகத்தின் வரைபடம் இந்த வரிசையில் ரொம்பத் தாமதமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, "உங்க வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படி வர்றீங்கன்னு வரைங்க" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், பலகையில் மாதிரி போட்டுக் காட்டவும் வேண்டாம். மாதிரி காட்டினால் முப்பது பேரும் அதையே வரைந்து வைத்துவிடுவார்கள்.

வருகிற படங்களை உட்கார்ந்து பொறுமையாகப் பாருங்கள். வீடு தாளின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும், பள்ளி மூலையில் தீப்பெட்டி அளவில் இருக்கும். நாய் இருக்கிற வீடு கட்டாயம் இருக்கும். புளியமரம் பக்கவாட்டிலிருந்து பார்த்த மாதிரியும், சாலை மேலிருந்து பார்த்த மாதிரியும் ஒரே படத்தில் இருக்கும். எதையும் திருத்தாதீர்கள். பின்னால் பெயரும் தேதியும் எழுதி வாங்கி பத்திரமாக எடுத்து வையுங்கள், மார்ச் மாதம் இது வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எதைக் கவனிக்கிறது, எதற்குப் பயப்படுகிறது, எந்தப் பக்கம் போனதே இல்லை என்பதெல்லாம் இந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: திசை

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கப் போகிறது.

நம் பிள்ளைகளுக்குத் திசை புதிது இல்லை என்பதை முதலில் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பேச்சில் "மேலத்தெரு", "கீழத்தெரு", "தெக்கால போய்த் திரும்பு", "வடக்கு வெளியில மாடு மேயுது" என்று நாள் முழுக்கத் திசையோடுதான் பேசுகிறோம். இடது வலது என்று சொல்லாமல் "அந்தச் செம்பை மேற்கால நகர்த்தி வை" என்று சொல்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை வீட்டில் இதைக் கேட்டே வளர்கிறது, வகுப்புக்குள் வந்ததும் அந்த அறிவை நாம் வெளியே நிறுத்திவிடுகிறோம். அதனால் முதல் நாள் வேலை இதுதான்: ஊரில் திசைப் பெயர் உள்ள தெரு, வீடு, வயல், குளக்கரை எல்லாவற்றையும் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லிப் பலகையில் எழுதுங்கள். கீழத்தெரு எதற்குக் கீழே இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கோயிலுக்குக் கிழக்கே இருக்கும். 'கீழ்' என்பதிலிருந்து கிழக்கும், 'மேல்' என்பதிலிருந்து மேற்கும் வந்தன என்று சொல்லலாம். தமிழ்நாட்டு நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலில் இறங்குகிறது, அந்தச் சரிவு சொல்லிலேயே இருக்கிறது. இதை அப்படியே ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாம் படியில் மறுபடி எடுப்போம்.

நகரத்துப் பிள்ளைகளுக்கும் இது கிடைக்கும். தஞ்சாவூரிலும் சிதம்பரத்திலும் கீழவீதி, மேலவீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி உண்டு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரம் சதுரமாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் திசைப்பெயர் சேர்ந்து கீழமாசி வீதி, மேலமாசி வீதி என்று வரும். அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தினமும் நடக்கிற தெருவே திசைப் பாடம்.

அப்புறம் குச்சி. மைதானத்தில் வெயில் படும் இடத்தில் மூன்றடிக் குச்சி ஒன்றை நேராக நட்டு, காலை பத்து மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு பிள்ளைகளை அனுப்பி நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். மதியம் இரண்டு மணிக்கு எல்லாக் கல்லையும் கயிற்றால் இணைத்தால் ஏறக்குறைய ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு மேற்கு கிழக்காக ஓடும், முதல் கல் இருப்பது மேற்குப் பக்கம். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் குச்சியை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி சுருங்கி வட்டத்தைத் தொடும் புள்ளியையும், பிற்பகலில் நீண்டு மறுபடி தொடும் புள்ளியையும் குறித்து இணையுங்கள். கோயில் கட்டுகிறவர்கள் பழங்காலத்தில் இப்படித்தான் திசை பிடித்தார்கள், இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "உச்சிவெயிலில் நிழல் வடக்கே விழும்" என்று சொல்லித் தராதீர்கள். தமிழ்நாட்டில் அது வருடம் முழுக்கப் பொருந்தாது. ஏப்ரல் மாதத்தில் ஏதோ ஒரு நாளில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் பிற்பாதியில், தென்கோடியில் என்றால் செப்டம்பர் தொடக்கத்தில், திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். நேர் மேலே வருகிற அந்த இரண்டு நாள்தான் நிழலில்லா நாள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வரும், தஞ்சைப் பக்கம் ஆகஸ்ட் 24 வாக்கில், கன்னியாகுமரியில் செப்டம்பர் 1 வாக்கில். ஆகஸ்டில் பள்ளி நடக்கிறது, விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, தண்ணீர்க் குவளைகளைக் கவிழ்த்து வைத்து நிழல் காணாமல் போவதைக் காட்டுங்கள். கடிகாரத்தில் 12 அடித்ததும் பார்க்காதீர்கள். நம் நாட்டு நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், அதனால் சூரியன் உச்சிக்கு வருவது சென்னையில் சராசரியாக 12.09, கோவையில் 12.22. காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் நேரத்துக்கு அங்கே இருந்தால் போதும்.

அதே மாதிரி சூரியன் சரியாகக் கிழக்கே உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில்தான். ஜூனில் வடக்கே ஒதுங்கியும் டிசம்பரில் தெற்கே ஒதுங்கியும் உதிக்கும். இதைப் பாடமாக நடத்தாமல், காலை வழிபாட்டு நேரத்தில் சூரியன் எந்தத் தென்னை மரத்துக்கு மேல் நிற்கிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வைக்கச் சொல்லுங்கள். நேரம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டிசம்பரில் அது வேறு மரத்துக்கு நகர்ந்திருக்கும், பிள்ளைகளே வந்து சொல்வார்கள்.

கடைசியாக வகுப்பறைத் தரையில் சுண்ணாம்பால் நான்கு திசையும் பெரிதாக வரைந்துவிடுங்கள். அழிய அழிய வரையுங்கள். அடுத்து வருகிற எல்லாப் பாடத்துக்கும் இந்தக் கோடு வேண்டும்.

மூன்றாம் படி: மேலிருந்து பார்ப்பது

வரைபடம் என்பது மேலிருந்து பார்த்த தோற்றம். நமக்கு இது பழகிவிட்டதால் எவ்வளவு கடினம் என்று தெரிவதில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒரு டம்ளரை வரை என்றால் பக்கத்திலிருந்து தெரிகிற உருவத்தைத்தான் வரையும். அதை மேலிருந்து பார்த்தால் வெறும் வட்டம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

தரையில் ஒரு டம்ளர், தீப்பெட்டி, டிபன் பாக்ஸ், பேனா, ஒரு செருப்பு வைத்து, பெஞ்சு மேல் ஏறி நின்று நேர் கீழே பார்த்து வரையச் சொல்லுங்கள் (பெஞ்சைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும்). பிறகு அதே பொருட்களைத் தாளின் மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, பொருளை எடுத்துவிடச் சொல்லுங்கள். "பொருள் போச்சு, இடம் இருக்கு" என்று என் வகுப்பில் ஒரு பெண் சொன்னாள். வரைபடத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வகுப்பறை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு தாள் எடுத்து, ஒரு எட்டுக்கு ஒரு கட்டம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அறையை நீளவாக்கில் அகலவாக்கில் எட்டு வைத்து அளந்து சுவரைப் போடுங்கள். கதவு எத்தனையாவது எட்டில், சன்னல் எத்தனையாவது எட்டில், பீரோ எங்கே என்று அளந்து அளந்து போடட்டும். நாலு பேர் அளந்தால் நாலு விதமான அறை வரும், ஏனென்றால் கால் நாலு விதம். சண்டை வரும். அந்தச் சண்டையை ஒரு பத்து நிமிடம் நடக்க விடுங்கள், "எல்லாருக்கும் ஒரே அளவு வேணும் டீச்சர்" என்று ஒருவன் சொல்லும் வரைக்கும். அளவுகோல், மீட்டர், அளவுத்திட்டம் எல்லாம் அங்கேதான் நியாயமாக உள்ளே வர வேண்டும்.

அப்போது நான் ஒரு கதை சொல்வேன், அது நம் ஊரில் நடந்தது. இந்தியா முழுவதையும் அளந்து வரைபடம் போடுகிற வேலை 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலையில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இரும்புச் சங்கிலியை நீட்டி நீட்டி வைத்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு கோட்டை முதலில் அளந்தார். அந்த ஒரு கோடு சரியாக இருந்தால் மற்றதைக் கோணத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கோணம் அளக்கிற கருவியின் எடை அரை டன், அதாவது உங்கள் வகுப்பில் இருபது பிள்ளைகளைச் சேர்த்துத் தூக்குகிற கனம். 1808-இல் தஞ்சைப் பகுதியில் அதைக் கோயில் கோபுரத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கிவிட்டது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை, பல வாரம் உட்கார்ந்து தட்டி நிமிர்த்தி மறுபடி வேலையில் இறக்கினார். வரைபடத்தை யாரோ ஒரு மனிதர் நடந்து நடந்து, அளந்து அளந்துதான் போட்டிருக்கிறார் என்பது பிள்ளைகளுக்கு இந்தக் கதைக்குப் பிறகு மறக்காது.

நான்காம் படி: தெருவுக்குப் போவது

வகுப்பறை முடிந்தால் பள்ளி வளாகம், பிறகு தெரு. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பெரியவர் இரண்டு பேராவது கூட வர, காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நடங்கள். ஆற்றங்கரைப் பக்கம் போவதாக இருந்தால் இன்னும் இரண்டு பெரியவர்கள் வேண்டும், இதில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

ஐந்தைந்து பேராகக் குழு பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே வேலை கொடுங்கள். ஒரு குழு எட்டு எண்ணும், ஒரு குழு திருப்பங்களைத் திசையோடு எழுதும், ஒரு குழு தண்ணீர் இருக்கிற இடங்களை எல்லாம் குறிக்கும்: கிணறு, கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி, குளம், வாய்க்கால். இன்னொரு குழு மைல்கல் பார்க்கும். கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்று சொல்லிவிட்டால் அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் கல்லைப் பார்த்துக்கொண்டேதான் போவார்கள்.

திரும்பி வந்து தரையில் சுண்ணாம்பால் ஊரை வரையுங்கள், தாளில் வரைய வேண்டாம். தரையில் போட்ட திசைக்கோட்டுக்கு ஏற்றபடி, நிஜமாகவே கோயில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம். பிள்ளைகள் அதன் மேல் நடந்து பார்க்கட்டும். குறியீடுகளை அவர்களே உண்டாக்கட்டும். எங்கள் வகுப்பில் ரேஷன் கடைக்கு ஒரு பை வரைந்தார்கள், டீக்கடைக்கு டம்ளர். பாடப்புத்தகக் குறியீடுகளைப் பிறகு காட்டினால் "இதுவும் யாரோ முடிவு பண்ணதுதான்" என்று புரியும்.

கூடவே ஊர்ப்பெயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். குளம், ஏரி, ஊரணி, துறை, பட்டினம், குப்பம், கோட்டை, பாளையம், புதூர் என்று முடிகிற ஊர்களைச் சுற்றுவட்டாரத்தில் தேடச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்களின் பெயர்ப்பலகையே போதும். பட்டினம் என்றால் கடற்கரை, துறை என்றால் ஆற்றில் இறங்குகிற இடம். குளம் என்று பெயர் இருக்கிற ஊரில் குளம் இப்போது இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் போய் விசாரித்துவிட்டு வருவார்கள்.

ஐந்தாம் படி: ஒன்றுக்குள் ஒன்று

"நீ தஞ்சாவூர் மாவட்டமா, தமிழ்நாடா?" என்று கேட்டால் சின்னப் பிள்ளை ஏதாவது ஒன்றைத்தான் சொல்லும். இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அவர்களுக்கு இயல்பாக வராது. பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜீன் பியாஜே சுவிட்சர்லாந்தில் ஜெனீவாப் பிள்ளைகளிடம் கேட்டபோதும் இதே சிக்கலைத்தான் பார்த்தார், நான் ஜெனீவாக்காரன், அதனால் சுவிஸ்காரன் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். அதனால் பிள்ளைக்குப் புரியவில்லை என்று கோபப்படாதீர்கள்.

வீட்டிலிருந்து ஒன்றுக்குள் ஒன்று போகிற சம்புடம், டப்பா செட் ஒன்றைக் கொண்டுவாருங்கள். ஆகச் சின்னதற்குள் பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டைப் போட்டு "வீடு" என்று ஒட்டுங்கள், அதை "தெரு"வுக்குள், அதை "ஊர்" டப்பாவுக்குள், அப்படியே வட்டம், மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா. கடைசி டப்பாவை மூடிவிட்டு, "உன் சீட்டு இப்போ எதுக்குள்ள இருக்கு?" என்று கேளுங்கள். "எல்லாத்துக்குள்ளயும்" என்று பதில் வரும். அன்றைக்கே ஆளுக்கொரு அஞ்சலட்டை கொடுத்துத் தன் வீட்டுக்கே முகவரி எழுதித் தபாலில் போடச் சொல்லுங்கள். அட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று வகுப்பில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: மேடு, பள்ளம், தண்ணீர்

எனக்கு ரொம்பப் பிடித்த படி இது. பாசனப் பகுதியில் இருப்பதால் எனக்குக் கிடைத்த வசதியும் இதுதான்.

எங்கள் பிள்ளைகள் மலையைப் பார்த்ததில்லை. கண்ணுக்கு எட்டிய வரை வயல்தான். அவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை என்பது புத்தகத்தில் இருக்கிற ஒரு பழுப்புக் கோடு. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், தலைமடை எது, கடைமடை எது, எந்த மடையைத் திறந்தால் யார் வயலுக்குப் போகும் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சரிவு என்ற ஒன்றை அவர்கள் வாய்க்காலில் படித்துவிட்டார்கள். அதையே பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான்.

மைதானத்தில் ஒரு மாட்டுவண்டி மணல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நாலைந்து சட்டி போதும். மேற்குப் பக்கம் மணலை உயரமாகக் குவித்து, கிழக்கே சரித்துக் கொண்டுவந்து, கடைசியில் ஒரு பள்ளம் தோண்டி பாலித்தீன் தாள் விரித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். மேற்கே மலை, கிழக்கே வங்கக்கடல். திசை நிஜத் திசையோடு பொருந்தியே ஆக வேண்டும். பூவாளியால் மலை மேல் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். முதலில் மண் குடிக்கும், பிறகு மெல்லிய கோடுகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு ஆறாகி இறங்கும். கீழே சரிவு குறைகிற இடத்தில் வேகம் தளர்ந்து, இழுத்து வந்த மணலை அங்கே போட்டுவிட்டு, நீர் இரண்டு மூன்று கிளையாகப் பிரியும். எதையும் சொல்லாமல் வேடிக்கை பாருங்கள். யாராவது ஒரு பிள்ளை "நம்ம ஊரு இங்கதான் டீச்சர்" என்று கிளை பிரிகிற இடத்தைக் காட்டும். திருவையாறு என்ற பெயரிலேயே ஐந்து ஆறு இருக்கிறதே, காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று அப்போது சொல்லுங்கள். ஆறு தெற்கே "கீழே" ஓடும் என்று வரைபடத்தைப் பார்த்து நினைத்துக்கொள்கிற குழப்பமும் இங்கே தீர்ந்துவிடும், தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். இரண்டாம் படியில் எடுத்து வைத்த மேல், கீழ் என்ற சொற்களை இப்போது எடுங்கள். நான் விளக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

மணலின் ஒரு பக்கத்தில் புல்லை வேரோடு பெயர்த்து வைத்து இன்னொரு பக்கத்தை வெறுமனே விட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கடலில் வந்து சேரும் நீரின் நிறத்தை இரண்டு டம்ளரில் பிடித்து வைத்தால் காட்டைப் பற்றித் தனிப் பாடம் தேவைப்படாது.

இதற்குப் பிறகு மேட்டூர். அணையில் போதுமான நீர் இருக்கிற வருடங்களில் குறுவைச் சாகுபடிக்கு ஜூன் 12 அன்று திறப்பார்கள், பள்ளி திறக்கிற நேரமும் அதுதான். ஒரு நீள நூலைச் சுவரில் கட்டி, மேற்கு முனையில் மேட்டூர், பிறகு பவானி, ஈரோடு, கொடுமுடி, மாயனூர், முக்கொம்பு, கல்லணை என்று சீட்டுத் தொங்கவிடுங்கள். திறந்த நாளிலிருந்து தினமும் பேப்பர் படித்து, தண்ணீர் எங்கே வந்திருக்கிறது என்று ஒரு நீலத் துணியைக் கிளிப் போட்டு நகர்த்துங்கள். மேட்டூரிலிருந்து கல்லணை வரை ஆற்று வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர், தண்ணீர் வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். கல்லணை திறந்த பிறகு நம் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று ஆளாளுக்கு ஒரு தேதியைக் கணித்து எழுதி வைக்கட்டும். வீட்டில் அப்பாவும் தாத்தாவும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வருடம் இரவு நேரத்தில் தண்ணீர் வந்ததை, காலையில் வகுப்புக்கு வருவதற்கு முன்னாலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அணை தாமதமாகத் திறக்கிற வருடத்தில் ஏன் என்ற கேள்வி வரும். குடகில் தலைக்காவிரிப் பக்கம் மழை பெய்ததா என்று தேட வேண்டியிருக்கும். அங்கே பெய்கிற மழை இங்கே சோறாகிறது என்பது அப்படித்தான் புரிகிறது.

உங்கள் ஊர் வேறாக இருந்தால் உங்கள் தண்ணீரை எடுங்கள். நெல்லை, தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குத் தாமிரபரணி இருக்கிறது, பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் வரை முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு, முழு ஆற்றையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். வைகைக்காரர்களுக்கு ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை போகலாம். ஆறே இல்லாத கரிசல் பக்கம் என்றால் கண்மாய், மறுகால், அடுத்த கண்மாய் என்று சங்கிலியாகப் போகிற நீரைப் பின்தொடருங்கள்.

உயரத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, ரயில் நிலையப் பெயர்ப்பலகை. மஞ்சள் பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். ஊருக்குப் போய் வருகிற பிள்ளைகள் எல்லாம் குறித்துக்கொண்டு வரட்டும். தஞ்சாவூர் அறுபது மீட்டருக்குள், உதகமண்டலம் 2,200 மீட்டர் அளவில். ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று சுவரில் கோடு போட்டால் தஞ்சாவூர் கணுக்காலுக்குச் சற்று கீழே நிற்கும், உதகை என்னையும் தாண்டிப் போய்விடும். மலை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் என் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

ஏழாம் படி: மழையும் காற்றும்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மழைமானி செய்துவிடுங்கள். பக்கவாட்டு நேராக இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக அதன் மேலேயே கவிழ்த்துச் செருகினால் புனல் ஆகிவிடும். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு நேர்ப்பகுதி வரை தண்ணீர் நிரப்பி அங்கே பூஜ்ஜியம் குறித்து, மேலே ஸ்கேலை ஒட்டுங்கள். மரமோ கூரையோ இல்லாத இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அளந்து, எழுதிவிட்டு, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், வானிலைத் துறையும் எட்டரை மணிக்கு எட்டரை மணிதான் கணக்கெடுக்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக் கூரையில் எத்தனை குடம் விழுந்தது என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

காற்றுக்கு ஒரு குச்சியில் ரிப்பன் கட்டினால் போதும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவிட்டு ஜூலையில் ரிப்பன் எந்தப் பக்கம் பறக்கிறது, நவம்பரில் எந்தப் பக்கம் என்று குறிக்கச் சொல்லுங்கள். காற்று வருகிற திசையின் பெயரைத்தான் காற்றுக்கு வைப்போம் என்பதை மட்டும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: இப்போது சுவர் வரைபடத்தை எடுங்கள்

டிசம்பர் வந்திருக்கும். பீரோ மேல் இருக்கிற வரைபடத்தை எடுத்துத் தூசி தட்டி, தரையில் விரியுங்கள். வடக்கு நிஜ வடக்கைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். இதைச் செய்யாமல் சுவரில் மாட்டிவிட்டால் பழையபடி கூரையைத்தான் காட்டுவார்கள்.

முதலில் ஊர்களைத் தேட விடாதீர்கள், தண்ணீரைத் தேட விடுங்கள். நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டூரிலிருந்து நம் ஊர் வரை விரலால் வரட்டும். பிறகு நூல். ஒவ்வொரு பிள்ளையும் தன் சித்தி, மாமா, அத்தை இருக்கிற ஊருக்கு நம் ஊரிலிருந்து ஒரு நூல் ஒட்டட்டும். திருப்பூருக்கும் சென்னைக்கும் எத்தனை நூல் போகிறது என்று பாருங்கள், வேலை தேடி யார் எங்கே போயிருக்கிறார்கள் என்பதை அந்த நூல் சொல்லிவிடும். அப்புறம் சமையலறை: உப்பு வேதாரண்யத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ, மஞ்சள் ஈரோட்டிலிருந்து, தேயிலை நீலகிரியிலிருந்து. நம் ஊரிலிருந்து நெல் வெளியே போகிறது, அதற்கும் ஒரு நூல் உண்டு.

மாவட்டங்களை மனப்பாடம் செய்வதைப் பற்றி ஒன்று. நான் 32 மாவட்டங்களையும் ராகம் போட்டு ஒப்பிக்க வைத்த காலம் உண்டு. அந்தப் பிள்ளைகள் படித்து முடித்த சில வருடத்தில் எண்ணிக்கை 38 ஆகிவிட்டது. 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் வந்து, "ஆறு நகர்ந்துச்சா டீச்சர்?" என்று கேட்டான். ஆறு அங்கேயேதான் இருந்தது, கோடு மட்டும் மாறியது. எது நிலத்தில் இருப்பது, எது மனிதர் போட்டது என்று வித்தியாசம் தெரிந்த பிள்ளைக்குப் பெயர்ப் பட்டியல் பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்துவிடும். தேர்வுக்கு வேண்டுமென்றால் அட்டையில் மாவட்டங்களை வெட்டி, துண்டுகளைச் சேர்க்கிற விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: உருண்டை

இதற்கு நிறைய எழுத வேண்டியதில்லை, ஐந்தாம் வகுப்பில் ஒரு வாரம் போதும். சாத்துக்குடித் தோலில் பேனாவால் கண்டங்களைச் சுமாராக வரைந்து, கிழியாமல் உரித்துத் தட்டையாக்கச் சொல்லுங்கள். முடியாது. உருண்டையைத் தட்டையாக்கும்போது எங்காவது இழுபடும், எங்காவது கிழியும். அதனால்தான் சில உலக வரைபடங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது, உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. பகல் இரவுக்கு இருட்டறையும் டார்ச்சும் பூகோள உருண்டையும். உருண்டையில் நம் ஊர் இருக்கிற இடத்தில் ஒரு மிளகை ஒட்டி, அது வெளிச்சத்துக்குள் வருவதைப் பார்க்கட்டும்.

பத்தாம் படி: எப்படிச் சோதிப்பது

ஒரு நல்ல கேள்வி போதும் என்று நினைக்கிறேன். "பஸ்ஸிலிருந்து புதுசா ஒருத்தர் இறங்குறாங்க, உன் வீட்டுக்கு வரணும். வழி எழுதிக் கொடு." எழுதியதை வேறு தெருப் பிள்ளையிடம் கொடுத்து, அதைப் படித்தே தரை வரைபடத்தில் நடக்கச் சொல்லுங்கள். வந்து சேர்ந்தால் இரண்டு பேருக்கும் மதிப்பெண். சரியாக எழுத வராத பிள்ளை வாயால் சொல்லட்டும், அதற்கும் முழு மதிப்பெண் கொடுங்கள், இது மொழித் தேர்வு கிடையாது.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் மணல், நூல், மிளகு, பொத்தான் இவற்றை வைத்தே எல்லா வரைபடமும் போடுங்கள். நான் ஒரு மாணவனுக்காக அப்படிச் செய்தேன், பிறகு எல்லாப் பிள்ளைகளும் அதையே கேட்டார்கள், இப்போது எங்கள் வகுப்பில் காவிரி எப்போதும் நூலால்தான் ஓடுகிறது.

மார்ச் மாதம் கடைசி வாரத்தில் மறுபடி ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல்லுங்கள். வரைந்து முடித்த பிறகு ஜூன் மாதத்துத் தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நாய் இருக்கிற வீடு இந்தத் தடவையும் இருக்கும், ஆனால் அது தெருவுக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். இரண்டு தாளையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிடுங்கள்.